ஐனோ மறுபடி கேட்கவில்லை

ஜூலை 10, வியாழன்.

செய்தது: கடைகளின் மடக்குக் கதவுகளைச் சரிசெய்தேன். இப்போது ஒன்றோடொன்று இடிக்காமல் திறக்கின்றன.

பிழை: வேண்டிய ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சின்னப் பிழைதான். (சின்னதுதானா என்று தெரியவில்லை.)

நாளை: மொழிபெயர்ப்புக் கருவியைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதை எழுதி முடித்த பிரமிளா, அடைப்புக்குறிக்குள் இருந்ததை அடித்தாள். அடித்தால் பொய்யாகிவிடுமோ என்று தோன்றவே, பக்கத்திலேயே அதை மறுபடி எழுதினாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வீடு ஈப்போவுக்கு வெளியே, செமோரில். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து, இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட ஒரு தாமான் குடியிருப்பு. பகலில் ஈப்போவில் டைல்ஸ் விற்கும் கடையில் அவளுக்கு வேலை. வேலை முடிந்து, வாரத்தில் சில மாலைகளில் புந்தோங்கில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போவாள். கணினியில் வீடு, கடை, தெரு எல்லாம் வரைந்து, அவற்றை இணையத்திலிருக்கும் ஒரு மெய்நிகர் உலகத்தில் எழுப்பிப் பழகும் வகுப்பு அது. பாடம் எடுக்கும் கோகிலன் சாருக்கு ஒரு விதி உண்டு. மாணவர்கள் அன்றாடம் குறிப்பு எழுத வேண்டும். செய்தது, பிழை, நாளை செய்ய வேண்டியது. மற்றவர்கள் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதித் தள்ளிவிடுவார்கள். பிரமிளா மட்டும் அன்றன்றைக்கு எழுதுவாள். பிழை என்ற தலைப்பின் கீழ் அவளுக்கு இடம் எப்போதும் போதாது. “போதும்மா, மூணு வரி போதும்” என்று சார் ஒரு முறை ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அதற்கு மறுநாள், நீளமாக எழுதியது பிழை என்று அவள் எழுதினாள்.

அந்த உலகத்துக்குள் முதல்முதலாகப் போனபோது அவளுக்கு ஒரு கல்யாணக் கூட்டத்தில் யாரையும் தெரியாமல் சுவரோரமாக நிற்பது போல் இருந்தது. கடலும் மலையும் தெருவும் உள்ள உலகம். எந்த நாட்டில் இருப்பவரும் தனக்கென ஓர் உருவம் எடுத்துக்கொண்டு உள்ளே நடக்கலாம், நிலம் பிடிக்கலாம், கட்டலாம், எதிரே நிற்பவரோடு எழுத்தில் பேசலாம். பேச்செல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம். பிரமிளாவுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். பதில் எழுதப் போனால்தான் வாக்கியம் பாதியில் படுத்துக்கொள்ளும். எழுதி, அழித்து, இது சரியா என்று யோசித்து நிமிர்வதற்குள் எதிரே நின்றவர் பறந்து போயிருப்பார். அங்கே எல்லோரும் பறக்கலாம்.

கோகிலன் சார்தான் அந்தக் கருவியைக் காட்டினார். திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. நாம் தமிழில் எழுதினால் எதிரே இருப்பவருக்கு அவர் மொழியில் போய்ச் சேரும். அவர் எழுதுவது நமக்குத் தமிழில் வரும். ஒன்றுதான். வீட்டில் பேசுகிறபடி, சொல்லின் வாலில் ‘லா’ போட்டு மலாயைக் கலந்து எழுதினால் அது திருதிருவென்று விழிக்கும். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி எழுத வேண்டும். கட்டுரை எழுதுவது பிரமிளாவுக்குக் கஷ்டமில்லை.

கருவியை மாட்டிக்கொண்ட முதல் நாள், எல்லோரும் கட்டிப் பழகும் பொதுத் திடலில் அவள் ஒரு சுவரை நிறுத்திக்கொண்டிருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஓர் உருவம் பக்கத்தில் வந்து நின்றது. திரையில் தமிழ் வந்தது. “வணக்கம். தங்கள் சுவர் இடப்பக்கம் சாய்ந்துள்ளது.”

பிரமிளா சத்தமாகச் சிரித்துவிட்டாள். என்னவோ ஏதோ என்று அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். உலகத்தின் எந்தக் கோடியிலோ இருக்கும் யாரோ ஒருவர், தன் சுவர் சாய்ந்திருப்பதைத் தமிழில், அதுவும் வானொலிச் செய்தி வாசிப்பவர் போலச் சொல்கிறார். அன்றைய குறிப்பில் செய்தது, பிழை, நாளை என்பவற்றோடு நான்காவதாக ஒரு தலைப்பைச் சேர்த்து, ‘நன்றி’ என்று எழுதினாள். எதற்கு என்று சார் கேட்கவில்லை.

மழைக்கோட்டுக்காரியின் பெயர் ஐனோ. பின்லாந்தில் ஒரு கடற்கரை நகரத்தில் ரொட்டி சுடும் கடையில் வேலை செய்கிறாள். அவள் ஊரில் பிற்பகலாகும்போது இங்கே பிரமிளா சாப்பிட்டுவிட்டுக் கணினி முன் உட்காரும் நேரம். அந்த உலகத்தில் ஐனோவுக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம் இருந்தது. படகு, கிடங்கு, பாரந்தூக்கி என்று வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செய்து வைத்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் உள்ளதைச் சொல்வாள். பிரமிளா கட்டிய தூண் ஒன்றைப் பார்த்து, அது அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னாள். பார்த்தால் அசிங்கமாகத்தான் இருந்தது.

பிரமிளா கட்டிக்கொண்டிருந்தது ஈப்போ பழைய நகரத்தில் இருப்பது போன்ற ஒரு கடைவரிசை. மேல்மாடி முன்னால் நீண்டு, அதன் கீழே ஆட்கள் நடந்து போகும் அஞ்சடிப் பாதை. காக்கி லீமா என்று எல்லோரும் சொல்வது. மழை கொட்டும்போது முன்பின் தெரியாத பத்துப் பேர் அதில் ஒதுங்கி நிற்பார்களே, அந்த இடம். வெளியே மழை பெய்ய வேண்டும், உள்ளே நிற்பவர் நனையக் கூடாது. இதுதான் அவள் தனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. இறுதித் தேர்வுக்கும் அதுவேதான். கட்டியதை அந்த உலகத்தில் இரண்டு வாரம் எல்லோரும் வந்து பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போவார்.

சிக்கல் இடத்தில் வந்தது. வகுப்புக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த நிலத்தைச் சார் எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார். பிரமிளாவின் பங்கில் அவளுடைய கடைவரிசை பாதிகூட அடங்கவில்லை. பொதுத் திடலில் விடலாம் என்றால், அது ஒவ்வொரு நாளும் தன்னாலே துடைத்துப் போட்டுவிடும். ஒரே ஒரு கடையாக வெட்டிக்கொள், இல்லையென்றால் திங்கட்கிழமைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சார் சொல்லிவிட்டார். ஒரே கடைக்கு எங்கிருந்து அஞ்சடிப் பாதை வரும்? ஒரு கடை வாசலிலிருந்து அடுத்த கடை வாசலுக்குப் போனால்தானே அது பாதை. இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருட மாணவர்களோடுதான் தேர்வு. அதற்குள் வேலை கைவிட்டுப் போகும். வீடுகளுக்கு உள்ளலங்காரம் வரைந்து கொடுக்கும் ஈப்போ நிறுவனம் ஒன்று, ஆகஸ்டில் சான்றிதழோடு வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. டைல்ஸ் பெட்டி தூக்கும் கை, டைல்ஸை எங்கே பதிப்பது என்று வரையப் போகும் கையாக மாறுவது அந்த ஆகஸ்டை நம்பித்தான் இருந்தது.

இதையெல்லாம் அவள் ஐனோவிடம் புலம்பவில்லை. இடம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமை ஐனோ சொன்னாள்: “என் துறைமுகத்தின் கிழக்கு மூலை காலியாக உள்ளது. தங்கள் கடைகளை அங்கே வைத்துக்கொள்ளலாம். வாடகை இல்லை.”

அந்த மூலையைப் பிரமிளா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பார்த்து, மனதுக்குள் கடைகளை அங்கே நிறுத்தியும் வைத்திருக்கிறாள். ஆனால் விரல்கள் தம் பாட்டுக்கு எழுதின. “ஐயோ, வேண்டாம். பரவாயில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம்?”

எழுதிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“சரி” என்றாள் ஐனோ.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

“இன்று இங்கே நல்ல வெயில். நான் கடற்கரைக்குச் செல்கிறேன்.” மஞ்சள் மழைக்கோட்டு மறைந்து போனது.

நடந்தது இவ்வளவுதான். இதைத்தான் அவள் சின்னப் பிழை என்று எழுதி, சின்னதா என்று சந்தேகப்பட்டு, அடித்து, மறுபடி எழுதினாள். முதலில் அவள் கருவியின் மேல்தான் பழியைப் போட்டாள். ‘உங்களுக்கு எதற்குச் சிரமம்’ என்பதைக் கடுமையாக ஏதாவது மாற்றிச் சொல்லியிருக்குமோ? மரியாதை இல்லாமல் போயிருக்குமோ? வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தீபனைப் பிடித்து உட்கார வைத்தாள். தீபன் அவளைவிட மூத்தவன், லிஃப்ட் பழுது பார்ப்பவன், சுங்காய் என்ற ஊரிலிருந்து வந்து ஈப்போவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். எதையும் இரண்டாம் முறை யோசிக்காத ஆள். அவனுடைய கணினியில் பின்னிஷ் மொழியை வைத்துவிட்டு, தன் கணினியிலிருந்து அதே வாக்கியத்தை அனுப்பினாள். வந்ததை அவன் வேறொரு கருவியில் போட்டுத் தமிழுக்கும் மலாய்க்கும் திருப்பினான். வேண்டாம், சிரமம், பரவாயில்லை எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன.

“அண்ணே, இன்னொரு தடவ பாருங்க.”

“எத்தன தடவ பாக்கறது? வேணாம்னு சொன்ன. வேணாம்னு போயிருக்கு. மெஷினு உன் மனசையும் சேத்தா மொழிபெயர்க்கும்?”

“அவங்க ஒரு தடவதான் கேட்டாங்க.”

“நீ என்னா பொண்ணு பாக்க வந்த வீட்லயா உக்காந்திருந்த, மூனு தடவ சொல்லி காப்பி குடிக்க? எனக்கு எடம் வேணும்னு கேட்டுருலா. மூனு வார்த்த.”

“எப்படிண்ணே நானா போயி கேக்கறது?”

தீபன் நாற்காலியில் சாய்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தான். அப்படியானால் தானே போய்ச் சொல்வதாகவும், எங்கள் பெண் வெட்கப்படுகிறது, நீங்கள் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பக்குவமாகப் பேசுவதாகவும் சொன்னான். ஒரு கணம் அது நல்ல வழியாகவே பிரமிளாவுக்குப் பட்டது. வீட்டில் எந்தக் காரியமும் அப்படித்தான் நடக்கும். கேட்பவர் கேட்கமாட்டார். அவருக்காக இன்னொருவர் போய்ப் பேச்சோடு பேச்சாகக் காதில் போட்டு வைப்பார். ஆனால் அசிங்கமான தூணை அசிங்கம் என்று நேருக்கு நேர் சொன்னவளிடம் தூது அனுப்புவது என்னவோ போல் இருந்தது. வேண்டாம் அண்ணே என்றாள்.

“இது நெஜ வேணாமா, சும்மா வேணாமா?”

அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் அவன் சிரிப்பது மாடிப்படி முடியும்வரை கேட்டது. அன்றைய குறிப்பில், கருவியைச் சந்தேகப்பட்டது பிழை என்று எழுதினாள். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அதைப் போய்க் குறை சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆசியா வாசல் கேட்டில் வந்து நின்றார். கையில் மூடிய டப்பா. கேட்டைத் தாண்டி வாசம் முன்னாலேயே வந்துவிட்டது. டுரியான் பழ சீசன். பிரமிளாவின் அம்மா புஷ்பலதா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

“ஐயோ, எதுக்கு அக்கா இதெல்லாம். வேணாம், நீங்க வீட்ல வச்சு சாப்புடுங்க.”

“வீட்ல யாரு திங்கறது? எடுங்க.”

“நேத்துதான் வாங்கினோம் அக்கா, வேணாம்.”

“அது வேற பழம், இது வேற பழம். புடிங்கலா, கை வலிக்குது.”

அம்மா வாங்கிக்கொண்டார். முந்தின நாள் யாரும் டுரியான் வாங்கவில்லை. அது ஆசியாவுக்கும் தெரியும். சதுரங்கம் விளையாடும் இரண்டு பேர் மாதிரி எந்தக் காய்க்கு எந்தக் காய் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. வேண்டாம் என்பது வேண்டாம் அல்ல. கொடுப்பவருக்கு வற்புறுத்த ஓர் இடம் விடுவது. முதல் சொல்லிலேயே கையை நீட்டிவிட்டால், இதற்காகவே காத்திருந்தது போல் ஆகிவிடும். இதையெல்லாம் பிரமிளாவுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. காலில் செருப்பை மாட்டியபடி நின்று பார்த்தபோதுதான் அவளுக்குத் தோன்றியது: ஐனோவுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கடையில் நாள் முழுவதும் அந்த வாக்கியத்தையே உள்ளுக்குள் மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருந்தாள். குளியலறைக்கு டைல்ஸ் கேட்டு வந்த ஒரு சீனத் தம்பதிக்கு அடுப்படி டைல்ஸை எடுத்துக் காட்டினாள்.

சாயங்காலம் அவள் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கிழக்கு மூலையில் ஒரு கலங்கரை விளக்கம் நின்றது.

சிவப்பும் வெள்ளையுமாக, புத்தம் புதிதாக. உச்சியில் விளக்குச் சுழன்றுகொண்டிருந்தது. போர்ச்சுகலில் இருக்கும் ஒரு தெரிந்தவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டதாகவும், அவர் காலையில்தான் வைத்துவிட்டுப் போனதாகவும் ஐனோ சொன்னாள். அழகாக இருக்கிறது என்று பிரமிளா எழுதினாள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. எழுதிவிட்டு, திரை மங்கலாகத் தெரியவே, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது? இடம் போய்விட்டது. கேட்டால் அவளுக்கும் சங்கடம். ஒரே கடையாக வெட்டிக்கொள்ள வேண்டியதுதான், அல்லது அடுத்த வருடம். வழக்கம்போல அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். எதிரே ஐனோ நகரவில்லை. பறந்தும் போகவில்லை.

“தாங்கள் நெடுநேரமாக எழுதுகிறீர்கள்” என்று வந்தது. “நான் காத்திருக்கிறேன்.”

அந்த இரண்டாவது வரியைப் பார்த்ததும் பிரமிளாவுக்குள் என்னவோ இளகியது. எழுதியது சரியா தப்பா என்று திரும்பிப் படிக்காமலேயே அனுப்பினாள்.

“வியாழக்கிழமை நீங்கள் இடம் தருவதாகச் சொன்னீர்கள். நான் வேண்டாம் என்றேன். எனக்கு அந்த இடம் வேண்டும் என்றுதான் இருந்தது. எங்கள் வீடுகளில் ஒருவர் ஒன்றைக் கொடுத்தால் முதலில் வேண்டாம் என்போம். கொடுப்பவர் மறுபடியும் சொல்வார். அப்புறம்தான் வாங்குவோம். உடனே வாங்கினால் ஆசைப்பட்டது போல் தெரியும். நீங்கள் மறுபடி கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். தப்பு உங்களுடையது அல்ல. எனக்கு இடம் தேவை. திங்கட்கிழமைக்குள் தேவை.”

நேரம் போனது. கலங்கரை விளக்கத்தின் ஒளி தண்ணீரில் வந்து வந்து போனது.

“எங்கள் ஊரில், வேண்டாம் என்றவரிடம் மறுபடி கேட்பது தவறு. அவர் சொல்லை நான் நம்பவில்லை என்று பொருளாகும்.” அதன் கீழேயே இன்னொன்று வந்தது. “தாங்கள் வேண்டாம் என்றதும், என் துறைமுகம் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அன்று நான் கடற்கரைக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன்.”

பிரமிளா அதை இரண்டு மூன்று தடவை படித்தாள். தான் ஏமாந்ததை மட்டுமே இரண்டு நாளாக எண்ணிக்கொண்டிருந்தாள். கொடுக்க வந்தவள் வெறுங்கையோடு திரும்பிப் போனது அவள் குறிப்பில் எந்தத் தலைப்பிலும் வரவில்லை. உங்கள் துறைமுகத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்த மூலையில் மனதுக்குள் கடைகளைக்கூட வைத்துப் பார்த்திருக்கிறேன் என்று எழுதினாள். கூச்சமாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

கொடுத்த மூலையைத் திரும்பக் கேட்க முடியாது என்று ஐனோ சொன்னாள். பிறகு திரும்பி நடந்தாள். பிரமிளா பின்னால் போனாள். கிடங்குக்குப் பின்னால் கடலுக்குள் நீண்டு போகும் மரமேடை ஒன்று இருந்தது. அதன் இரு பக்கமும் படகுகள் கட்டிக் கிடந்தன.

“இது நீளமானது. அகலம் குறைவு. படகுகளை நான் அகற்றுவேன். இந்த இடம் தங்களுக்கு வேண்டுமா?”

பழைய வார்த்தை விரல் நுனிவரை வந்துவிட்டது. ஐயோ, படகை எல்லாம் எதற்கு அகற்றிக்கொண்டு? பிரமிளா இரண்டு கைகளையும் ஒரு நொடி மேசையிலிருந்து எடுத்தாள். பிறகு ஒரே சொல் எழுதினாள்.

“வேண்டும்.”

“நான் இன்னும் இரண்டு முறை கேட்க வேண்டுமா?”

“இல்லை. ஒரு முறை போதும்.”

“நல்லது. எனக்கும் அது எளிது.”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் கணினியை விட்டு எழவில்லை. மேடையின் அகலத்தை அளந்து பார்த்தால் கடைகள் அதில் உட்காராது என்று தெரிந்தது. பாதையைக் குறைப்பதா, கடையைக் குறைப்பதா என்று ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தாள். கடைகளின் உள்பக்கத்தை வெட்டினாள். அலமாரிகளும் உள்ளறைகளும் போயின. அவற்றுக்காக அவள் தூக்கம் கெட்ட நாள்கள் இருந்தன. முகப்பும் பாதையும் மட்டும் நின்றன. அரிசிக் கடைக்கு முன்னாலிருந்து காப்பிக் கடை, காப்பிக் கடையிலிருந்து முடிவெட்டும் கடை என்று பாதை நேராகக் கடலைப் பார்த்துப் போனது. முன்பு இருந்ததைவிட இது நன்றாக இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் அவளுக்குப் புதிது.

நடுவில் அம்மா தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார். இடம் கிடைத்ததா என்று கேட்டார்.

“கேட்டேம்மா. குடுத்தாங்க.”

“யாரு கேட்டா? நீயா?”

“நானாதான்.”

அம்மா கொஞ்ச நேரம் திரையில் நின்ற மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்தார். கேட்டது சரிதான் என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. “பாத்தா நல்ல பிள்ளையாதான் இருக்கு” என்றார். “சும்மா வாங்கிட்டு வந்துறாத. அதுக்கு நம்ம என்னா செய்யப் போறோம்?”

பிரமிளாவுக்கும் அது மனதில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காத வீடு அவர்களுடையது. ஆனால் கடல் தாண்டி, திரை தாண்டி என்ன கொடுப்பது? மழையைத் திறந்துவிட்டபோது அதற்கு வழி பிறந்தது. மழை மேடையின் மேல் மட்டும் விழும்படிதான் அவள் அமைத்திருந்தாள். ஓரத்தில் கொஞ்சம் தள்ளிப் போய், ஐனோவின் கிடங்கின் மேலும் பெய்தது. ஐனோ தன் துறைமுகத்தில் மழையே வைத்ததில்லை. அதனால் அந்தக் கூரையைக் கவனித்து மூடியதும் இல்லை. பலகைகளுக்கு நடுவே தண்ணீர் தாரை தாரையாகக் கிடங்குக்குள் விழுந்தது.

பிரமிளா பதறிப் போய் மழையை நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்டாள். ஐனோ காப்பிக் கடை வாசலில், நனையாத இடத்தில், ஒரு மர முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மழையை நிறுத்த வேண்டாம், பெய்யட்டும் என்றாள். தன் ரொட்டிக் கடையில் நின்றுகொண்டே வேலை செய்வதாகவும், இப்படி உட்கார்ந்து மழை பார்த்து நாளாகிவிட்டது என்றும் சொன்னாள். கலங்கரை விளக்கத்துக்காரரும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். அவர் போர்ச்சுகீசிய மொழியில் எழுத, ஐனோ பின்னிஷில் எழுத, எல்லாம் பிரமிளாவுக்குச் சுத்தமான தமிழில் வந்து விழுந்தது. முடிவெட்டும் கடையில் நிஜமாகவே முடி வெட்டிக்கொள்ள முடியுமா என்று அவர் கேட்டார். தங்களுக்கு வெட்டும் அளவுக்கு முடி இல்லை என்று ஐனோ சொன்னாள்.

பிரமிளா சிரித்துக்கொண்டே, கேட்க நினைத்ததைச் சுற்றி வளைக்காமல் கேட்டாள். “ஐனோ, உங்கள் கிடங்குக் கூரையை நான் சரிசெய்து தரட்டுமா?”

“ஆம்” என்று உடனே வந்தது. “ஆனால் கதவுப் பக்கம் ஒரு சிறிய ஒழுகலை விட்டுவிடுங்கள். அந்த ஓசை எனக்குப் பிடித்திருக்கிறது.”

கணினியை மூடும் முன் அவள் நன்றி சொன்னாள். வீட்டு மனிதர்களுக்கு வாய்விட்டு நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவள். வெளியாள்களுக்குச் சொல்லும் நன்றியோ கடை ரசீதின் அடியில் அச்சடித்தது போல் இருக்கும். எந்த நன்றியை எழுதுவது என்று தெரியாமல், எந்தெந்த நாளில் என்னென்ன உதவி என்று வரிசையாக எழுதினாள். சாய்ந்த சுவரிலிருந்து ஆரம்பித்து, நெடுநேரம் காத்திருந்தது வரைக்கும். அது நீளமாகப் போனது. ஐனோ முழுவதையும் படித்திருக்க வேண்டும். பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

“தங்களுக்கு இடம் தந்தது எனக்கு மகிழ்ச்சி” என்று இருந்தது. “அந்தத் தூண் இப்போது அசிங்கமாக இல்லை.”

பிரமிளா குறிப்பை எடுத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு.

செய்தது: மரமேடையில் கடைவரிசை நிற்கிறது. உள்ளறைகளை எடுத்துவிட்டேன். பாதை முழுதாக இருக்கிறது.

பிழை: மழையின் எல்லையைச் சரியாக அளக்கவில்லை.

நன்றி: ஐனோவுக்கு. கருவிக்கும்.

நாளை: காலையில் வேலைக்குப் போகும் முன் கோகிலன் சாருக்குத் துறைமுகத்தின் முகவரியை அனுப்ப வேண்டும். சாயங்காலம் கிடங்குக் கூரையின் பலகைகளை வரிசையாக மூட வேண்டும், கதவுக்கு மேலே உள்ள ஒன்றைத் தவிர.